இரண்டு அம்மாமாரும் ஓர் இடுப்பு எறியும்

என் மகள் ஜூடோவில் சேர்ந்து ஒரு மாதத்திலேயே அதை விட்டுவிட்டு வலைப்பந்துக்குப் போய்விட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு போன நான்தான் அங்கேயே தங்கிவிட்டேன்.

நாங்கள் இருப்பது ஸ்கந்தபுரத்தில். எனக்குக் கிளிநொச்சி நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் மகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வகுப்பில் விட்டுவிட்டு, முடியும்வரை மண்டபத்துக்கு வெளியே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பேன். பக்கத்துக் கதிரையில் இன்னொரு அம்மா இருப்பார். முல்லைத்தீவுக் கரையில், கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக்கு வந்தவர். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். எல்லாரும் அவரை ரீச்சர் என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். நல்ல உயரம், உயரத்துக்கேற்ற உடம்பு. நான் அவருடைய தோள்மட்டம்.

பயிற்சி கொடுத்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முள்ளியவளைக்காரி. கொழும்பில் தங்கிப் பழகிக் கறுப்புப் பட்டி எடுத்தவள். ஒரு சனிக்கிழமை அவள் வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள்.

“அக்கா ஆக்கள், உதில இருந்து நுளம்புக்கு இரத்தம் குடுக்கிற நேரத்துக்கு உள்ள வந்து ஒருக்கா உருண்டு பாக்கலாம்தானே?”

ரீச்சர் சிரித்தார். “எங்களுக்கு வயசு போட்டுது, தங்கச்சி.”

“வயசு போனாத்தான் விழப் பழக வேணும்.”

அந்தப் பதில் ரீச்சருக்குப் பிடித்துவிட்டது. வாதத்தில் தோற்றால் உடனே ஒத்துக்கொள்கிற ஆள் அவர். அடுத்த கிழமை இருவரும் பழைய ட்ராக் சூட்டோடு மெத்தையில் நின்றோம்.

முதல் பாடம் விழுவது. நிமிர்ந்தபடி பின்பக்கமாக விழ வேண்டும், தலை நிலத்தில் படாமல் நாடியை நெஞ்சோடு சேர்க்க வேண்டும், கையால் மெத்தையில் ஓங்கி அடிக்க வேண்டும். பிள்ளைகள் பட் பட் என்று அடித்து விழுந்தார்கள். எங்களை அவள் முன்னாலிருந்து மெல்லத் தள்ளியபோது, நானும் ரீச்சரும் ஒரேமாதிரி, திரும்பிக் குப்புற விழுந்து, முழங்கையை நிலத்தில் ஊன்றி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடந்தோம். ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களுக்கு அப்படி விழ ஒருவரும் மெத்தையில் வைத்துப் பழக்கியதில்லை. பிளேன் சத்தம் பழக்கியது.

பிள்ளைகள் சிரித்தார்கள். பயிற்சி கொடுத்தவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குந்தி இருந்தாள்.

“நானும் முதல் நாள் உப்பிடித்தான் விழுந்தனான், அக்கா. இது மெத்தை. மேல பாத்து விழுங்கோ. மேல ஃபான் மட்டும்தான் இருக்கு.”

நாங்கள் மேலே பார்த்தோம். ஃபான் மட்டும்தான் இருந்தது, அதுவும் சுழலவில்லை. ரீச்சர்தான் முதலில் சிரிக்கத் தொடங்கினார். அதன்பிறகு மூன்று பேரும் நிறுத்த முடியாமல் சிரித்தோம். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு உடம்பெல்லாம் நோவு. மனம் மட்டும் ஏனோ காற்றுப்போல இருந்தது.

விழுவது ஓரளவு கைவந்ததும் எறிவதற்கு வந்தோம். முதலில் இடுப்பு எறி. எதிரில் நிற்பவரின் சட்டைக் கையை ஒரு கையால் பிடித்து முன்னுக்கு இழுத்து, மற்றக் கையால் அவர் இடுப்பைச் சுற்றி அணைத்து, முழுவதுமாகத் திரும்பி, உங்கள் இடுப்பை அவருடைய இடுப்புக்குக் கீழே கொடுத்து, அப்படியே சுழற்றி முன்னால் விழுத்துவது. சொல்லும்போது சமையல் குறிப்புப் போல இருக்கும்.

ரீச்சருக்கு அது உண்மையிலேயே சமையல் குறிப்புத்தான். பயிற்சிப் பிள்ளையிடம் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஓர் ஆங்கில ஜூடோப் புத்தகத்தின் ஃபோட்டோ பிரதி இருந்தது. ரீச்சர் அதை வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் படித்தார். அடுத்த வகுப்பில் என்னை ஆடாமல் நிற்கச் சொல்லிவிட்டு, “நிலை குலைக்கிறது. பொருந்திறது. எறியிறது,” என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு அடி வைத்து, என்னைத் தூக்கி வளைத்து விழுத்தினார். அவ்வளவு அழகு. புத்தகத்தில் இருக்கிற படம் எழும்பி வந்ததுபோல.

ஆனால் நான் ஆடாமல் நின்றால்தான். நடக்கத் தொடங்கினேனோ, ரீச்சர் ‘நிலை’ என்று சொல்லும் முன்னமே நான் வேறு இடத்தில் நிற்பேன். அவர் நின்று, திரும்பவும் தொடக்கத்திலிருந்து வருவார்.

எனக்கு நேர்மாறு. புத்தகம் ஒன்றும் மண்டையில் ஏறாது. ஆனால் எதிரில் நிற்பவரின் சட்டைக் கையைப் பிடித்தால் போதும், அவருடைய பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் என் கணவர் இதை நம்பவில்லை. வயலால் வந்து முற்றத்தில் நின்றுகொண்டு, “உதெல்லாம் பழகி ஆரை அடிக்கப் போறீர்?” என்று கேட்டார்.

“ஒருத்தரையும் அடிக்கிறேல்லை. விழுத்திறதுதான்.”

“அப்ப என்னை ஒருக்கா விழுத்தும் பாப்பம்.”

மாட்டுக் கொட்டிலடியில் வைக்கோல் குவிந்து கிடந்தது. அதற்கு முன்னால் போய் வேலிக் கட்டைபோல நின்றார். நான் இழுத்தேன், தள்ளினேன், ஒன்றும் அசையவில்லை. அவர் பெருமையோடு மகளைக் கூப்பிட்டு, “இஞ்ச வந்து அம்மாவைப் பார்,” என்று சொல்லிக்கொண்டு ஒரு கால் முன்னுக்கு வைத்தார். அந்தக் கால் நிலத்தில் முழுதாகப் படுவதற்குள் நான் இழுத்துவிட்டேன். மனுசன் வைக்கோலுக்குள் போய்விட்டார்.

“இது கணக்கில்லை! நான் ரெடியில்லாமல் நிண்டனான்!” என்று வைக்கோலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

இந்த வெற்றியோடு நான் அடுத்த வகுப்புக்குப் போனேன். ரீச்சரைப் பிடித்தேன். அவர் ஓர் அடி வைக்க, நான் திரும்பினேன், இழுத்தேன், ரீச்சர் பெரிய சத்தத்தோடு விழுந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பயிற்சிப் பிள்ளை தலையை ஆட்டினாள்.

“விழுந்தது சரி, அக்கா. எறிஞ்சது பிழை.”

“விழுந்தா காணும்தானே, மிஸ்?” மெத்தையில் நிற்கும்போது நாங்கள் அவளை மிஸ் என்றுதான் சொல்வோம்.

“உங்கட இடுப்பு ரீச்சரில படவேயில்லை. நீங்கள் அரைவாசி திரும்பி, காலை நீட்டி வைச்சு, அவாவைக் காலுக்கு மேலால விழுத்தினியள். உது இடுப்பு எறி இல்லை.”

“அப்ப அது என்ர எறி.”

நான் பகிடியாகத்தான் சொன்னேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் கண்டுபிடித்திருக்கிறேன் என்ற எண்ணம். மருந்துக் கடையில் மாத்திரை எண்ணும்போதுகூட அந்த நினைப்பு வந்து உதட்டோரம் சிரிப்பை விட்டுப் போகும்.

அந்தப் பெருமை அடுத்த சனிக்கிழமை வரைதான் நின்றது. நான் ஸ்கூட்டியை நிறுத்தும் முன்னமே ரீச்சர் ஃபோட்டோ பிரதியை விரித்துப் பிடித்தபடி ஓடி வந்தார்.

“உங்கட எறி இதில இருக்கு!”

பார்த்தேன். கோட்டுப் படம். ஒருவர் அரைவாசி திரும்பி, காலை நீட்டி, மற்றவரை அதற்கு மேலால் விழுத்துகிறார். அச்சொட்டாக நான்தான், தாடி மட்டும் கூடுதல்.

“பேரைப் பாருங்கோ,” என்றார் ரீச்சர். “தாய்-ஓதோஷி. தாய்! ஆர் இதைச் செய்ய வேணுமெண்டு பேரிலேயே போட்டிருக்கு.”

பயிற்சிப் பிள்ளைக்குச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. “அது யப்பான் பாஷை, ரீச்சர். தாய் எண்டா உடம்பு. உடம்பால விழுத்திறது.”

“உடம்பு எண்டாலும் தாய்தான்,” என்று ரீச்சர் தன் முடிவில் நின்றார்.

எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு அன்று வகுப்பு முழுவதும் அந்தப் படம் கண்ணுக்குள் நின்றது. யாரோ ஒருவர் எங்கேயோ, தன் முன்னால் நின்றவரின் பாரத்தைக் கையில் உணர்ந்து, என்னைப்போலவே காலை நீட்டி வைத்திருக்கிறார். பிறகு யாரோ அதைப் படமாகக் கீறி வைத்திருக்கிறார். புத்தகம் என்று நான் ஒதுக்கி வைத்தது அப்படிப்பட்ட ஆட்களின் கூட்டம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அவர்களோடு கொஞ்சம் கதைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அதற்குத் தேவையும் வந்தது. வவுனியாவில் பட்டிச் சோதனை வைக்கப் போகிறார்கள் என்று பயிற்சிப் பிள்ளை அறிவித்தாள். அடுத்த நிறப் பட்டிக்கு இரண்டு பகுதி. முதலில் சொன்ன எறியைச் சொன்ன முறைப்படி செய்து காட்ட வேண்டும். பிறகு முன்பின் தெரியாத ஒருவரோடு சின்னப் போட்டி. எனக்கு முதலாவது வராது. ரீச்சருக்கு இரண்டாவது வராது.

“அப்ப ஆளுக்காள் படிப்பிப்பம்,” என்றார் ரீச்சர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளத்தைக் கூட்டச் சொன்னார். பிறகு பையிலிருந்து சோக்கட்டியை எடுத்துக் குந்தியிருந்து பாதங்களைக் கீறினார். இடது பாதம், வலது பாதம், திரும்பியபின் இரண்டும் எங்கே, எந்தச் சரிவில் என்று. கணக்கு வாத்தியார் கீறின பாதங்கள், அவ்வளவு நேர்த்தி. என் கணவர் விறாந்தைக் கதிரையில் தேத்தண்ணியோடு இருந்து பார்த்தார். அவரைக் கூப்பிட்டு எறி வாங்கும் ஆளாக நிற்கச் சொன்னோம். வைக்கோல் இல்லாத இடத்தில் நிற்க மாட்டேன் என்றுவிட்டார்.

நான் ரீச்சரைப் பிடித்துக்கொண்டு சோக்குப் பாதங்களில் கால் வைத்தேன். முதலாவது சரி. இரண்டாவது சரி. மூன்றாவது அடியில், முழுவதுமாகத் திரும்பி முதுகைக் கொடுக்க வேண்டிய இடத்தில், கால் தானாகவே பாதத்துக்கு வெளியே போய் நின்றது. திரும்பவும் செய்தேன். திரும்பவும் அப்படியே.

ரீச்சர் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்கள் மூண்டாவது அடியில தலையைத் திருப்பி என்னைப் பாக்கிறியள். ஒவ்வொருக்காலும். ஏன்?”

“நான் பாக்கேல்லையே.”

“பாக்கிறியள். அதாலதான் அரைவாசியோட நிக்கிறியள்.”

“ஓம், பாக்கிறீர்,” என்று விறாந்தையிலிருந்து சாட்சி வந்தது.

எனக்கு அது அதுவரை தெரியாது. அந்தக் கிழமை முழுக்க என்னை நானே கவனித்தேன். கடையில் அலுமாரியோடு முதுகைச் சாத்தித்தான் நிற்கிறேன். கோயிலில் தூணடி. சந்தையில் சாமான் வாங்கும்போது சுவர்ப் பக்கம். பஸ்ஸில் கடைசிச் சீற். யாரும் எனக்குப் பின்னால் நிற்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் எத்தனையோ வருசமாக. ஏன் என்று தேடிப் போனால் காரணம் கிடைக்கும். நான் தேடிப் போகவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. என் உணர்வு, என் கைப்பழக்கம் என்று நான் பெருமைப்பட்டதில் பாதி, முதுகைக் கொடுக்கப் பயந்து உடம்பு கண்டுபிடித்த குறுக்குவழி.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்த ரீச்சரிடம் சொன்னேன். வேறு யாராவது என்றால் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப எறியிறதை விடுங்கோ. இண்டைக்குத் திரும்பி நிக்கிறது மட்டும்,” என்றார். திரும்பினேன். முதுகை அவர் மேல் சாய்த்து நின்றேன். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. “முன்னால மாமரத்தைப் பாருங்கோ,” என்றார். மாமரத்தைப் பார்த்தேன். என் முதுகில் அவர் மூச்சு விடுவது தெரிந்தது. அன்றைய பயிற்சி அவ்வளவுதான். என் கணவருக்கு இது என்ன விளையாட்டு என்று விளங்கவில்லை, பாவம்.

அப்படியே சில நாட்கள். ஒரு பின்னேரம் மாமரத்தைப் பார்த்தபடி திரும்பி, முழங்காலை மடித்து, இழுத்தேன். ஈரச் சாக்குப்போலக் கனக்கும் ரீச்சர் என் இடுப்பில் ஏறியதும் பாரமே இல்லாமல் போனார். அவரை எறிய வேண்டும் என்பதையே மறந்து ஒரு கணம் அப்படியே தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன்.

“இறக்கிவிடுங்கோ, அக்கா! இது சீமெந்து!” என்று ரீச்சர் மேலேயிருந்து கத்தினார்.

சோதனை நாள் காலையில் வவுனியா பஸ்ஸில் சனம் நிறைந்து வழிந்தது. பயிற்சிப் பிள்ளை முன்னால் எங்கோ பிள்ளைகளோடு நசிபட்டுக்கொண்டு நின்றாள். நானும் ரீச்சரும் நடுவில், மேல் கம்பியைப் பிடித்தபடி. ரீச்சரின் உதடு அசைந்தது. நிலை குலைக்கிறது, பொருந்திறது, எறியிறது.

“ரீச்சர், அதை விடுங்கோ. கண்ணை மூடுங்கோ.”

“ஏன்?”

“பஸ் பிறேக் போடேக்கை சனம் எந்தப் பக்கம் சரியுது எண்டு காலால பாருங்கோ. சரியத் தொடங்கேக்கை ‘இப்ப’ எண்டு சொல்லுங்கோ.”

அவர் கண்ணை மூடினார். நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். மாங்குளம் தாண்டியதும் மாடுகள் குறுக்கே வர சாரதி பிறேக்கை மிதித்தார். எல்லாரும் முன்னுக்குச் சரிந்து நிமிர்ந்த பிறகு ரீச்சர் “இப்ப!” என்றார்.

“பிந்திப்போச்சு.”

அடுத்த தரிப்பில், “இப்ப!”

“இன்னும் கொஞ்சம் முந்தி.”

அதற்கடுத்த வளைவில் பஸ் திரும்பத் தொடங்கியதுமே, பக்கத்தில் நின்ற பெரியவர் தான் சரியப்போவதை அறியும் முன்னமே, ரீச்சர் “இப்ப!” என்று சத்தமாகச் சொன்னார். பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். கொண்டக்டர் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

“அக்கா, அவாவுக்குத் தலை சுத்துதோ? யன்னல் சீற் எடுத்துத் தரட்டோ?”

“இல்லைத் தம்பி. சோதினைக்குப் படிக்கிறா.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழிக்கப் போனார்.

வவுனியா மண்டபத்தில் பரீட்சகர் ஒரு நடுத்தர வயதுக்காரர், கொழும்பிலிருந்து வந்தவர். சிங்களத்திலும் உடைந்த தமிழிலும் கதைத்தார். எறி காட்டும் பகுதிக்கு நாங்கள் ஒருவருக்கொருவர் ஆள். ரீச்சர் என்னை எறிந்தபோது படம் எழும்பி வந்தது. நான் ரீச்சரை எறியும்போது அங்கே மாமரம் இல்லை. எதிர்ச் சுவரில் ஒரு தீயணைப்புச் சிலிண்டர் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு முழுவதுமாகத் திரும்பினேன். என் வலது கால் கொஞ்சம் அகலமாகத்தான் போனது, ஆனாலும் இடுப்பு படவேண்டிய இடத்தில் பட்டது. ரீச்சர் சுழன்று விழுந்து மெத்தையில் ஓங்கி அடித்தார். பரீட்சகர் தலையசைத்து எழுதினார். விழுந்து கிடந்த ரீச்சர் எனக்கு மட்டும் தெரிய ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

போட்டியில் எனக்கு வந்தது பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு மெலிந்த பிள்ளை. நான் அவளுடைய பாரம் எந்தக் காலில் என்று உணர்ந்துகொண்டிருக்க, அவள் என்னுடைய காலை ஒரு தட்டுத் தட்டினாள். எப்போது எழும்பினேன், எப்போது விழுந்தேன் என்று தெரியாது. மேலே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்குக் கோபமே வரவில்லை. “இதை எனக்குச் சொல்லித்தாறீரோ?” என்று கிடந்தபடியே கேட்டுவிட்டேன். பிள்ளை வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

ரீச்சருக்கு வந்தது ஒரு பொலிஸ்காரி, ரீச்சரைவிடத் தடிப்பம். அவள் தள்ளினாள். ரீச்சர் பின்னால் போனார். இன்னும் தள்ளினாள். ரீச்சரின் உதட்டைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. மூன்றாம் தரம் அவள் தள்ளக் கால் எடுத்ததும் ரீச்சர் ஏதோ செய்தார். என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாதி திரும்பினார், பாதி குந்தினார், இரண்டு பேரும் ஒன்றாகச் சுருண்டு உருண்டு, கடைசியில் பொலிஸ்காரி முதுகு முழுக்க மெத்தையில் பட, ரீச்சர் அவளுக்கு மேல்.

பரீட்சகர் கையை உயர்த்தி முழுப் புள்ளி கொடுத்தார். பிறகு ஆர்வம் தாங்காமல் கேட்டார், “அது என்ன எறி?”

புத்தகத்தில் உள்ள அத்தனை பெயரையும் மனப்பாடமாக வைத்திருக்கிற ரீச்சர், மூச்சு வாங்க நின்றுகொண்டு, “தெரியாது, சேர்,” என்றார்.

“எங்க பழகினது?”

“பஸ்ஸில, சேர்.”

எங்கள் பயிற்சிப் பிள்ளை முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு குலுங்கினாள்.

புள்ளி இரண்டு பகுதிக்கும் சேர்த்துத்தான், அதனால் நான் தோற்றும் இருவரும் சித்தியடைந்தோம். புதுப் பட்டியைக் கையில் தந்தபோது அதை என்ன செய்வது என்று தெரியாமல் கைப்பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே பஸ் நிலையத்தடியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தோம். ரோல்ஸ் சூடாக வந்தது. ரீச்சர் ஒரு கையில் ரோல்ஸும் மற்றக் கையில் ஃபோட்டோ பிரதியுமாக, தான் எறிந்தது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிட்டார். தாளெல்லாம் எண்ணெய். “இதுவோ? இல்லை, இதில கால் வேற மாதிரி. தங்கச்சி, நான் அந்த நேரம் எந்தக் கையில பிடிச்சனான்?” பயிற்சிப் பிள்ளை எழும்பி, கடை நடுவில் நின்று, தான் கண்டதைச் செய்து காட்டினாள். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

நான் வீட்டுக்கு ஃபோன் அடித்தேன். கணவர்தான் எடுத்தார்.

“என்ன மாதிரி?”

“பாஸ். முழுசாத் திரும்பினனான்.”

“எனக்குத் தெரியும்,” என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. “சோறு வைச்சிட்டன். மகள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்கிறாள். குழம்புக்குப் புளி எவ்வளவு விடுறது?”

“வாயில வைச்சுப் பாத்து விடுங்கோ.”

“அப்பிடிச் சொல்லாதையும். அளவைச் சொல்லும்,” என்றார் அவர்.